பேப்பர் இருப்பதாகச் சொன்ன குழாய்கள்

கம்ப்யூட்டர் செய்கிறவர்களுக்கு ஓட்டை என்றாலே ஆகாமல் போய்விட்டது. முன்பெல்லாம் பெட்டியைத் திருப்பி வைத்தால் முதுகு முழுக்க வாய்களாக இருக்கும். வட்டமாக இரண்டு, ஒன்பது ஊசியோடு ஒன்று, நடுவில் அகலமாக இருபத்தைந்து ஓட்டைகளோடு ஒன்று. அந்த அகலமான வாய் பிரின்டருக்கு. வருஷத்துக்கு ஒன்றாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். இப்போது பெட்டியே சிலேட்டுப் பலகை மாதிரி ஆகி, ஓரத்தில் இரண்டு கீறல் மட்டும்தான் பாக்கி. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். குழாய்க்காரரை அவர்களுக்குத் தெரியாது.

குழாய்க்காரர் பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கசிவை அடைப்பார். மிச்ச நேரத்தில் தன் வீட்டுப் பின்னறையில் மிச்சமான பிளாஸ்டிக் குழாய்களை அறுத்து, தேய்த்து, வாய் வெட்டி, காற்று ஊதினால் பாடுகிற குழாய்களாக மாற்றுவார். ஒன்பது வருஷத்தில் பன்னிரண்டு குழாய். பெரியது அவர் உயரம் இருக்கும், சின்னது பேனா நீளம்தான். கீழே ஒரு பழைய வேக்யூம் கிளீனரின் மோட்டார் காற்றை ஊதும். பழைய வாஷிங் மெஷின்களிலிருந்து கழற்றிய காந்தச் சுருள்கள் ஒவ்வொரு குழாயின் ரப்பர் மூடியையும் இழுத்துத் திறக்கும். எந்த மூடியை எப்போது திறப்பது என்று சொல்வது கம்ப்யூட்டர். பிரின்டர் வாயில் கம்ப்யூட்டர் வெளியே பேசுவதற்குச் சரியாகப் பன்னிரண்டு கம்பிகள் உண்டு. பன்னிரண்டு கம்பி, பன்னிரண்டு குழாய். "கடவுள் கணக்கு" என்று குழாய்க்காரர் சொல்வார். கடவுளை அவர் வேறு எந்த விஷயத்திலும் கூப்பிட்டதில்லை.

அவர் மனைவி தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். தெருவுக்கே அவள் ஜெராக்ஸக்கா. நகல், பிரின்ட், விண்ணப்பம் நிரப்புவது, போட்டோவுக்கு லேமினேஷன். எதற்கும் அசர மாட்டாள், பின்னறையைத் தவிர. அந்தக் குழாய்க் கூட்டத்தை "உங்க சின்ன வீடு" என்றுதான் சொல்வாள். "எப்படியிருக்கு?" என்று அவர் ஒரு ஸ்வரத்தை ஊதவிட்டுக் கேட்டால், கையில் இருக்கிற துணியை மடித்துக்கொண்டே "நல்லா இருக்கு" என்பாள். குழாய் ஊதவே இல்லையென்றாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

குழாய்க்காரருக்கு இடது காது வாலிபத்திலேயே போய்விட்டது. வலது காதுக்குப் பின்னால் நரம்பில் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறதென்று இரண்டு மாதத்துக்கு முன் கண்டுபிடித்தார்கள். டாக்டர் நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. கட்டியை விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து. எடுத்தால் உயிர் மிஞ்சும், காது மிஞ்சாது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து படுக்க வேண்டும், மறுநாள் காலை ஆபரேஷன்.

குழாய்க்காரர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். அவரே சொந்தமாகக் கட்டிய நாலு நிமிஷப் பாட்டு ஒன்று உண்டு. எப்போது போட்டாலும் ஏதாவது ஒரு குழாய் மக்கர் செய்யும், பாதியில் நிற்கும். அதை ஒரு தடவை, முழுசாக, பன்னிரண்டு குழாயிலும் வாசித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழாய்கள் எல்லாம் சரியாகிவிட்டன. சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டார். உள்ளே ஏதோ கருகிய வாசனை வந்தது. இருபத்தொரு வயது ஆன பெட்டி, அதோடு கண்ணை மூடிவிட்டது.

அக்காவின் தம்பி கம்ப்யூட்டர் விற்கிறவன். செய்தி கேட்டு ஓடிவந்து, பழைய பெட்டியின் டிஸ்கிலிருந்து பாட்டை எல்லாம் மீட்டு, தன் கடையிலிருந்தே ஒரு புது மெஷினைக் கொண்டுவந்து வைத்தான். காசும் வாங்கவில்லை. "மாமா, விரல் தடிமன்தான். பஞ்சு மாதிரி இருக்கும்."

குழாய்க்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாய் எங்கடா?"

"எந்த வாய் மாமா?"

"இருபத்தஞ்சு ஓட்டை வாய்."

தம்பி சிரித்தான். அப்புறம் மாமா சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான். "அதெல்லாம் இப்ப யாரு மாமா வெக்கறாங்க. உள்ள ஒரு அட்டை சொருகலாம்னா அதுக்கும் இதுல இடம் இல்ல."

பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காய் முடிந்தாலும் தம்பியைக் குறை சொல்ல முடியாது. குழாய்க்காரர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்பது வருஷம் அந்தக் கதவு திறந்தே இருந்ததைத் திட்டியவள் அக்காதான். இப்போது அது சாத்தியிருப்பதைத் தாங்க முடியவில்லை. அந்தப் பாட்டு வாசித்தாக வேண்டும் என்று அவள் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். அவள் முடிவு கட்டினால் நகல் மெஷினே பயந்து ஓடும்.

திங்கள்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போனாள். கடை கடையாக ஏறி இறங்கினாள். "அந்த மாதிரிப் பெட்டியெல்லாம் எடைக்குப் போட்டு உருக்கியாச்சும்மா" என்பதுதான் எல்லாரிடமும் பதில். கடைசிக் கடையில் மூட்டைக்கு அடியில் ஒரு பெட்டி கிடந்தது. முதுகைத் திருப்பினாள். அகலமான வாய். விரலை வைத்து எண்ணினாள். மேலே பதின்மூன்று, கீழே பன்னிரண்டு, ஆக இருபத்தைந்து. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்து பின்னறையில் இறக்கினாள்.

குழாய்க்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "இது ஊசிம்மா. எனக்கு வேண்டியது ஓட்டை."

"இருபத்தஞ்சு இருக்கே?"

"ரெண்டுலயும் இருபத்தஞ்சுதான். ஊசி வெச்சது மோடத்துக்கு, ஓட்டை வெச்சது பிரின்டருக்கு. இருபது வருஷம் குழாய்க்காரன் பொண்டாட்டியா இருந்துட்டு உள் மரை எது, வெளி மரை எதுன்னு பாக்காம வாங்கிட்டு வந்திருக்கே."

சொன்னவர் லேசாகச் சிரித்தார். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை தம்பி தன் கிடங்கைக் குடைந்து ஒரு கேபிளைக் கொண்டுவந்தான். ஒரு முனை புது மெஷினின் கீறலுக்குள் நுழையும், மறுமுனை பிரின்டர் கம்பிகளாகப் பிரியும். குழாய்க்காரர் உயிர் வந்தவர் போல உட்கார்ந்து, கம்பிகளை ஒவ்வொன்றாகக் குழாய்ப் பலகையில் இணைத்தார். பழைய புரோகிராமை ஓட்டினார். ஒரு மூடியும் அசையவில்லை. திரையில் மட்டும் ஒரு வரி வந்தது: பிரின்டரில் பேப்பர் இல்லை.

"பிரின்டரா? எங்கேடா இங்க பிரின்டர்?" என்றார் குழாய்க்காரர்.

தம்பி தலையைச் சொறிந்தான். "மாமா, இந்தக் கேபிளுக்குப் பிரின்டரைத் தவிர வேற எதையும் தெரியாது. பழைய வாயில நீங்க நேரா கம்பியை ஏத்தி இறக்கினீங்க. இதுல நடுவுல ஒரு சிப்பு உக்காந்திருக்கு. அது அந்தப் பக்கம் பிரின்டர் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கும்."

"அப்போ முடியாது."

"முடியாது மாமா."

குழாய்க்காரர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம் மூன்று மணி. மனுஷர் கல்யாணமான நாளிலிருந்து பகலில் படுத்ததில்லை.

புதன்கிழமை காலை அக்கா கடையில் இருந்தாள். மூலையில் இருக்கிற ஊசிப் பிரின்டர் ஒன்று, கார்பன் வைத்த மூன்று பிரதிப் படிவங்களைக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவளிடம் இருப்பதிலேயே கிழட்டு மெஷின் அது. அதற்கு இரண்டு வருஷமாக ஒரு வியாதி. பேப்பர் வைத்திருந்தாலும் பேப்பர் இல்லையென்று அழும். ரிப்பேர்க்காரன் புது சென்சாருக்குப் பெரிய தொகை சொன்னான். அக்கா உள்ளே கையை விட்டு, பேப்பர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற அந்தச் சின்ன நாக்கை அழுத்தி, டேப் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அது பேப்பர் இல்லாதபோதும் இருக்கிறதென்று சாதிக்கும்.

ஒட்டிய டேப் கண்ணில் பட்டது. அந்தப் பிரின்டர் கடையின் புதுக் கம்ப்யூட்டரோடு எதனால் இணைந்திருக்கிறது என்று பார்த்தாள். தம்பி கொண்டுவந்த அதே மாதிரிக் கேபிள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்குத் தெருத்தெருவாய் அலைந்திருக்கிறாள்.

படிவம் வாங்க நின்றவரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பின்னறையில் குழாய்க்காரரின் நோட்டு இருந்தது. இருபத்தைந்து கம்பிக்கும் படம் போட்டு, பக்கத்தில் பெயர் எழுதிவைத்திருந்தார். ஒன்பது வருஷத்தில் அவள் அதைத் திறப்பது அதுதான் முதல் தடவை. நோட்டோடு படுக்கையறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, அவருக்குக் கேட்கிற பக்கமாகக் குனிந்தாள்.

"பன்னிரண்டாவது கம்பி என்னங்க?"

"பேப்பர் தீந்துபோச்சுன்னு பிரின்டர் சொல்ற கம்பி. நமக்கு வேலை இல்ல."

"பதினொண்ணு?"

"வேலையா இருக்கேன், கொஞ்சம் பொறுன்னு சொல்றது."

"பத்து?"

"வந்த எழுத்தை வாங்கிக்கிட்டேன்னு சொல்றது. ஏன் இதெல்லாம்?"

"இதுல எதுக்காவது உங்க குழாய் பதில் சொல்லுதா?"

"குழாய் எப்படிம்மா பதில் சொல்லும்?"

"அதான் சங்கதி. கூப்பிட்டா பதில் சொல்லாத வீட்ல எவன் தபாலைக் குடுப்பான்? பேப்பர் இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க. சும்மா இருக்கேன், கோளாறு இல்ல, குடுத்ததை வாங்கிக்கிட்டேன்னு சொல்லச் சொல்லுங்க. நாலு பொய்யி. எங்க கடை மெஷின் தினமும் சொல்லுது."

குழாய்க்காரர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். செருப்புகூடப் போடாமல் பின்னறைக்குப் போனார்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. பன்னிரண்டாவது கம்பியை ஒரு பக்கம் கட்டினார், பேப்பர் இருக்கிறது என்று ஆயிற்று. பதினொன்றைக் கட்டினார், சும்மா இருப்பதாக ஆயிற்று. பதினைந்தைக் கட்டினார், கோளாறு இல்லை என்று ஆயிற்று. எழுத்து வருகிறதென்று அறிவிக்கிற கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்து பத்தில் சேர்த்தார், வாங்கிக்கொண்டதாக ஆயிற்று. அக்கா கம்ப்யூட்டரில் புதுப் பிரின்டர் ஒன்றைச் சேர்த்தாள். எந்த வகை என்று கேட்டதற்கு, படமும் கோடும் தெரியாத, வெறும் எழுத்து மட்டும் அடிக்கிற வகை என்று தேர்ந்தெடுத்தாள். அச்சடிக்கக் கையில் வேறு எதுவும் இல்லாததால், யாரோ கொடுத்துவிட்டுப் போன வாடகை ஒப்பந்தம் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து எடுத்து அனுப்பினாள்.

தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுந்தது மாதிரி மூடிகள் படபடத்தன. குழாய்கள் உறுமின, விக்கின, தும்மின. வாடகை, முன்பணம், மூன்று மாத அறிவிப்பு எல்லாம் காற்றாய் வெளியே போய், கையெழுத்து போடுகிற இடத்தில் வந்து நின்றது. குழாய்க்காரர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

மீதி அவர் வேலை. ஒவ்வோர் எழுத்தாக, தாளத்துக்கு நிறுத்தி நிறுத்தி அனுப்புகிற மாதிரி புரோகிராமை மாற்றி எழுத உட்கார்ந்தார். அப்போதுதான் தெரிந்தது. பழைய வாயில் பன்னிரண்டு கம்பிகளையும் அவர் இஷ்டத்துக்கு ஆட்டினார். இந்தக் கேபிளில் எழுத்தைக் கொண்டுபோகிற எட்டுக் கம்பி மட்டும்தான் அவருடையது. மிச்ச நாலையும் சிப்பு தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொண்டது.

"எட்டு போதும்மா. மேல இருக்கற நாலு சின்னதையும் விட்டுடலாம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவுக்கு அது இடித்தது. அந்த நாலு சின்னக் குழாய்களுக்காக அவர் ஒரு மழைக்காலம் பூராவும் அரம் வைத்துத் தேய்த்தவர். கடைசிக் குழாய் சரியாய் வந்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவர். யோசிக்காமல் விடுகிற ஆள் இல்லை. அவர் முதுகு அவள் பக்கம் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி, இருப்பதிலேயே சின்னக் குழாயின் மூடியை விரலால் தூக்கினாள்.

கூரையைப் பிளக்கிற விசில். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. குழாய்க்காரர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அதற்கு அடுத்ததைத் தூக்கினாள். அதற்கும் அடுத்ததை. நாலாவதுக்கும் அவர் திரும்பவில்லை. ஐந்தாவதைத் தூக்கியதும் திரும்பிப் பார்த்தார். மூடியில் இருந்த அவள் விரலையும், பிறகு அவள் முகத்தையும் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

"அப்போ அந்தச் சின்னதையெல்லாம் எப்படிச் சுதி சேர்த்தீங்க?"

"மீட்டர்ல முள்ளு ஓடும்ல. முள்ளு நடுவுல நின்னா சரி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், அதுவும் அவளிடம். அக்காவுக்குக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. அவர் ஊதிக் காட்டியபோதெல்லாம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அவள்தானே. ஒரு தடவை நின்று கேட்டிருந்தால் அவருக்குக் கேட்கவில்லை என்பது தெரிந்திருக்கும்.

"எனக்குக் கேக்காததை வாசிச்சு என்னம்மா ஆகப்போகுது" என்றார் அவர்.

"எனக்குக் கேக்குதுல்ல? பன்னிரண்டுக்குக் கட்டின பாட்டு. எட்டுல வாசிச்சா அது வேற பாட்டு. எனக்கு உங்க பாட்டு வேணும்."

"இருக்கறது ஒரு கேபிள்தானே."

"கடையில ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊசிப் பிரின்டரின் வாலைப் பிடுங்கி எடுத்தாள். மூன்று பிரதிப் படிவம் அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். காத்திருந்த நாலு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று ஷட்டரை இறக்கினாள்.

வியாழக்கிழமை காலை பின்னறையில் இரண்டு பொய்ப் பிரின்டர்கள் தயாராக இருந்தன, ஒன்றுக்கு எட்டுக் குழாய், மற்றதற்கு நாலு. குழாய்க்காரர் பாட்டின் முதல் வரியைப் போட்டார். "எப்படியிருக்கு?" என்றார் பழக்கத்தில்.

"நல்லா இல்ல."

அவர் திகைத்துப் போனார்.

"கீழ இருக்கறது முன்னாடி போயிடுது. மேல இருக்கற நாலும் பஸ்ஸை விட்டவன் மாதிரி பின்னாடியே ஓடிவருது."

கம்ப்யூட்டர் முதல் கேபிளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போகிறது. அந்த இடைவெளியை முள் வைத்த மீட்டர் காட்டாது, காதுதான் காட்டும். குழாய்க்காரர் கீழ்க்குழாய்களை ஒரு நூல் தாமதப்படுத்தினார். "இன்னும்" என்றாள். இன்னும் ஒரு நூல். "அதிகமாப் போச்சு, இப்ப மேல இருக்கறது முந்துது." குறைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து அவள் சொல்லச் சொல்ல, அவர் தாமதக் கணக்கை மாற்றினார். பன்னிரண்டு மணி ஆனது. சாப்பாடு ஆறியது. ஒரு மணிக்கு அவள் கையை உயர்த்தி, "இதான். இப்ப எல்லாம் ஒண்ணா வருது" என்றாள். அவளுக்குச் சங்கீதத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் சேர்ந்து வருவதும் பிந்தி வருவதும் தெரியாதா என்ன?

மூன்று மணிக்குத் தம்பி காரோடு வந்து, பையை வண்டியில் வைத்துவிட்டு, வாசற்படியில் நின்றான். குழாய்க்காரர் வலது காது குழாய்கள் பக்கம் இருக்குமாறு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அக்கா எதிரே நின்றாள். கையில் துணி எதுவும் இல்லை.

பாட்டு தொடங்கியது. பெரிய குழாய் தரையோடு பேசியது, நடுவில் இருந்தவை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே மேலே ஏறின. ஏறி முடிந்த இடத்தில் அந்தச் சின்ன நாலும் சேர்ந்துகொண்டபோது அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு சந்தோஷமான விஷயத்தை இந்த மனுஷர் ஒன்பது வருஷமாக இந்த அறையில் செய்துகொண்டிருந்தார் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்குழாய்கள் வருகிற இடங்களில் அவர் மூடிகளைப் பார்த்தார். திறக்கின்றன, மூடுகின்றன. அவருக்கு அதுதான் சாட்சி.

நாலு நிமிஷம் முடிந்தது. மோட்டார் மட்டும் ஓடியது. குழாய்க்காரரின் முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நிக்காம வந்துடுச்சு" என்றார். "மேல நாலும் வந்துச்சில்ல?"

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலில் தம்பி சாவியை ஆட்டிக்கொண்டிருந்தான். வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுஷர் நிறைந்த மனசோடு எழுந்து வருவார். அந்த வார்த்தை பொய்யென்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது, நாளைக்குப் பிறகு என்றைக்குமே தெரியாது.

"வரல" என்றாள். "கடைசித் திருப்பத்துல ரெண்டாவது சின்னது ஊமையா நின்னுடுச்சு. மூடி திறந்தது, சத்தம் வரல. மூணுதான் வந்தது."

தம்பி வாசலிலிருந்து, "அக்கா, சும்மா இரேன்" என்றான்.

குழாய்க்காரர் அவளையே பார்த்தார். அவர் முகம் விழுந்துவிடும் என்று அவள் பயந்தாள். விழவில்லை. கசிவு எங்கே என்று தெரிந்துவிட்ட வேலைக்காரனின் முகமாக அது மலர்ந்தது.

"கடைசித் திருப்பத்துல மட்டுமா?"

"மட்டும்தான். அதுக்கு முன்னாடி ஏழு தடவை நல்லா வந்தது. எண்ணினேன்."

"அப்போ காத்து பத்தல. எல்லா மூடியும் திறக்கற இடம் அது." அவர் ஏற்கெனவே தரையில் மண்டி போட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி எத்தனை மணிக்கு?"

"அஞ்சு."

"ஆறுக்குப் போனா கட்டி கோவிச்சுக்கிட்டு எங்கேயாவது போயிடுமா?"

"போனா நல்லதுதான்" என்றாள் அக்கா. "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போனைப் போட்டு ஒரு மணி நேரம் லேட்டாகும்னு சொல்லு. குழாய் வேலை பாக்கியிருக்குன்னு சொல்லு."

பிறகு அவளும் மண்டி போட்டாள். இரண்டாவது சின்னக் குழாயின் வாயருகே காதைக் கொண்டுபோனாள். அவர் காற்று வருகிற திருகை ஒரு சுற்று திறந்து, எல்லா மூடிகளையும் ஒன்றாகத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். இல்லையென்று தலையை ஆட்டினாள். இன்னொரு சுற்று. இல்லை. மூன்றாவது சுற்றில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, தலையையும் ஆட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அவர் திருகை அந்த இடத்திலேயே இறுக்கினார்.

"முதல்லேர்ந்து போடவா?" என்றார்.

"போடுங்க" என்றாள். "நான் கேட்டுச் சொல்றேன்."